யார் இந்த சார்லஸ் ஹக்கின்ஸ்? புரோஸ்டேட் புற்றுநோயை ரத்தத்திலேயே பின்தொடர்ந்த டாக்டரின் கதை

புரோஸ்டேட் புற்றுநோய்க்கு சிகிச்சை முடித்து வீட்டுக்கு வந்தவர்களிடம் டாக்டர்கள் மறக்காமல் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை 'பிஎஸ்ஏ' ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த எண் ஏறத் தொடங்கினால், நோய் மறுபடி தலைதூக்குகிறதோ என்று சந்தேகிப்பார்கள். தேவைப்பட்டால், ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசியோ மாத்திரையோ கொடுப்பார்கள்.

ரத்தத்தில் இருக்கும் ஒரு எண்ணை வைத்து புற்றுநோயைப் பின்தொடர்வது ஒரு யோசனை. ஹார்மோனை நிறுத்தி புற்றுநோயை அடக்குவது இன்னொரு யோசனை. இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அமெரிக்காவின் சிகாகோ. ஆண்டு 1941. சேர்த்தவர் டாக்டர் சார்லஸ் பிரென்டன் ஹக்கின்ஸ்.

நோபல் பரிசு வாங்கியவர்தான். ஆனால் இவருடைய கதையில் முக்கியமான பகுதி வெற்றி மட்டுமல்ல. அடக்கிய நோய் திரும்ப வந்தபோது இவர் என்ன செய்தார் என்பதும்தான். யார் இவர்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், புரோஸ்டேட்னா என்ன?

ஆண்களுக்கு மட்டுமே இருக்கும் சிறிய சுரப்பி இது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும். விந்துவில் கலக்கும் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் வேலை. வயதாக ஆக இது வீங்கலாம். பலருக்கு அது சாதாரண வீக்கம்தான். சிலருக்குப் புற்றுநோயாக இருக்கும்.

இந்தப் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் எலும்புக்குத்தான் போகும். இடுப்பு, முதுகெலும்பு என்று வலி ஆளையே முடக்கிவிடும். 1930-களில் பெரும்பாலானவர்கள் டாக்டரைப் பார்க்க வந்ததே அந்த நிலையில்தான். ஆபரேஷன் செய்யும் கட்டத்தைத் தாண்டியவர்களுக்கு வலி மருந்தைத் தவிர கொடுப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை.

மருந்துக்கடைக்காரர் மகன்

ஹக்கின்ஸ் பிறந்தது கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில், 1901 செப்டம்பர் 22-ம் தேதி. அப்பா மருந்தாளுநர். அதே மாகாணத்தில் இருக்கும் அகேடியா பல்கலைக்கழகத்தில் 1920-ல் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு 19 வயதுகூட நிறையவில்லை. அங்கிருந்து அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி. 1924-ல் டாக்டராக வெளியே வந்தார். அதன் பிறகு மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பயிற்சி.

1927-ல் இரண்டு முக்கியமான விஷயங்கள் நடந்தன. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்த மார்கரெட் வெல்மனைத் திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியின் முதல் ஆசிரியர்களில் ஒருவராகச் சேர்ந்தார். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க அவருடைய ஊர் சிகாகோதான்.

கேட்காமல் வந்த துறை

இன்றைக்கு அவர் பெயர் சிறுநீரகவியல் துறையோடு சேர்த்துத்தான் பேசப்படுகிறது. ஆனால் அவர் அந்தத் துறையைத் தேடிப் போகவில்லை. சிகாகோவில் அறுவை சிகிச்சைத் துறைத் தலைவராக இருந்த டல்லஸ் பெமிஸ்டர்தான் அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். ஹக்கின்ஸுக்கு அந்தத் துறையில் பெரிய அனுபவம் கிடையாது. பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்துத்தான் தயாரானார்.

1931-ல் ஐரோப்பா போனார். ஜெர்மனியில் புற்றுநோய் செல்களின் வேதியியலை ஆராய்ந்துகொண்டிருந்த ஓட்டோ வார்பர்க்கின் ஆய்வுக்கூடத்தைப் பார்த்தார். லண்டனில் ராபர்ட் ராபிசன் என்ற விஞ்ஞானியிடம் 'பாஸ்படேஸ்' என்ற என்சைம்களைப் பற்றிக் கற்றுக்கொண்டார். எலும்பு எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வத்தில்தான் அதைப் படித்தார். பத்து வருடம் கழித்து அந்தப் படிப்பு புற்றுநோய் வார்டில் கைகொடுக்கும் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க முடியாது.

நாய்கள் காட்டிக்கொடுத்த ரகசியம்

1930-களின் கடைசியில் அவர் கையில் எடுத்த கேள்வி ரொம்ப எளிமையானது. புரோஸ்டேட் சுரக்கும் திரவத்தில் என்ன இருக்கிறது? அதன் அளவை எது கூட்டுகிறது, எது குறைக்கிறது?

இதற்காக நாய்களில் ஒரு ஆபரேஷன் முறையை உருவாக்கினார். சிறுநீர் கலக்காமல் புரோஸ்டேட் திரவத்தை மட்டும் தனியாகச் சேகரிக்கும் வழி அது. ஒரே நாயை மாதக்கணக்கில் கவனித்து, திரவத்தை அளந்துகொண்டே வரலாம்.

முடிவுகள் தெளிவாக வந்தன. நாயின் விரைகளை அகற்றினால் சுரப்பி சுருங்கியது, திரவம் நின்றது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஊசியில் ஏற்றினால் மறுபடி சுரந்தது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொடுத்தால் திரும்பவும் குறைந்தது.

இங்கேதான் ஒரு திருப்பம். வயதான மனிதர்களைப்போல நாய்களுக்கும் புரோஸ்டேட்டில் தானாகவே கட்டி வரும். சோதனைக்கு வந்த சில நாய்களுக்கு அப்படிக் கட்டி இருந்தது. ஆரம்பத்தில் அவருக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது, ஏன்னா கணக்கு குழம்பிவிடும். ஆனால் அந்தக் கட்டிகளும் ஹார்மோனை நிறுத்தினால் சுருங்குவதைப் பார்த்த பிறகு, கட்டி உள்ள நாய்களையே தேடத் தொடங்கினார்.

அப்படின்னா, மனிதர்களின் புரோஸ்டேட் புற்றுநோயும் ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறதா? இதுதான் அடுத்த கேள்வி.

இந்தக் கேள்வி ஏன் பெரிய விஷயம்?

புற்றுநோய் செல் யார் பேச்சையும் கேட்காது, உடம்பின் எந்தக் கட்டளைக்கும் கட்டுப்படாமல் தன்னிஷ்டத்துக்கு வளரும் என்பதுதான் அன்றைக்குப் பெரும்பாலானவர்களின் நம்பிக்கை. அதனால் வெட்டி எடு, இல்லையென்றால் கதிர்வீச்சால் சுடு. வேறு வழி கிடையாது.

விதிவிலக்காக ஒரு தகவல் இருந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களின் சினைப்பைகளை அகற்றினால் சிலருக்குக் கட்டி சுருங்குகிறது என்று 1896-லேயே எழுதியிருந்தார். ஆனால் ஏன் சுருங்குகிறது என்பதற்கு அன்றைக்கு விளக்கம் இல்லை. ஹார்மோன் என்ற சொல்லே அப்போது புழக்கத்துக்கு வரவில்லை.

1941: அந்த ஆபரேஷன்

கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் என்ற இளம் டாக்டருடன் சேர்ந்து ஹக்கின்ஸ் மனிதர்களிடம் இதைச் சோதித்தார். எலும்புவரை நோய் பரவியிருந்த ஆண்களுக்கு இரண்டு விரைகளையும் அகற்றினார். வேறு சிலருக்கு ஈஸ்ட்ரோஜன்போல வேலை செய்யும் 'ஸ்டில்பெஸ்ட்ரால்' என்ற மருந்தைக் கொடுத்தார். 1938-ல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் உருவாக்கிய செயற்கை மருந்து அது. விலை மலிவு, வாய்வழியாகவே சாப்பிடலாம்.

நம்ம ஊரில் காளைக்குக் காயடிப்பது எல்லோருக்கும் தெரியும். அதே காரியத்தை ஒரு மனிதனுக்குச் செய்யலாமா என்று கேட்டால் யாருக்கும் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும். ஆனால் அந்த நோயாளிகளின் நிலையை நினைத்துப் பாருங்கள். எலும்பு வலியில் படுக்கையோடு கிடந்தவர்கள் பலருக்கு, ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே வலி குறைந்தது. பசி எடுத்தது, எடை கூடியது. எழுந்து நடந்தவர்களும் உண்டு.

விரைகளை அகற்றிய 21 நோயாளிகளைப் பற்றிய தனி அறிக்கையும் அதே ஆண்டு வெளியானது. பெரும்பாலானவர்களுக்கு நிலைமை முன்னேறியிருந்தது. உடம்பு முழுக்கப் பரவிய ஒரு புற்றுநோயை, உடம்பின் ஹார்மோனை மாற்றுவதன் மூலமே பின்வாங்க வைக்கலாம் என்று அழுத்தமாகக் காட்டிய வேலை இது.

வலி குறைந்தது, சரி. நோய் குறைந்தது எப்படித் தெரியும்?

இங்கேதான் ஹக்கின்ஸின் இன்னொரு புத்திசாலித்தனம் வருகிறது. நோயாளி 'இப்போ பரவாயில்லை' என்று சொல்வதை மட்டும் நம்பி அவர் முடிவுக்கு வரவில்லை.

'ஆசிட் பாஸ்படேஸ்' என்ற என்சைம் புரோஸ்டேட்டில் ஏராளமாக இருக்கும். புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களின் ரத்தத்தில் இது கூடுகிறது என்பதை நியூயார்க்கில் அலெக்சாண்டர் கட்மன், எத்தல் கட்மன் தம்பதி 1938-ல் காட்டியிருந்தார்கள். லண்டனில் பாஸ்படேஸைப் பற்றிப் படித்திருந்த ஹக்கின்ஸுக்கு இதன் அருமை உடனே புரிந்தது.

அவர் நோயாளிகளின் ரத்தத்தைத் தொடர்ந்து எடுத்து அளந்தார். விரைகளை அகற்றியதும் அந்த எண் சரிந்தது. ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலும் சரிந்தது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் ஏறியது. உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதை வெளியிலிருந்தே ஒரு எண்ணாகப் பார்க்க முடிந்தது. இன்றைய பிஎஸ்ஏ பரிசோதனைக்கு இது பெரியண்ணன் மாதிரி.

ஆனால் நோய் திரும்ப வந்தது

சந்தோஷம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. சிலர் பல வருடங்கள் நன்றாக இருந்தார்கள். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு நோய் மறுபடி தலைதூக்கியது. ரத்தத்தில் அந்த எண் மறுபடி ஏறியது, எலும்பு வலி திரும்பியது. விரைகள் இல்லை, டெஸ்டோஸ்டிரோன் வரும் பெரிய வழி அடைபட்டுவிட்டது. பிறகு எப்படி வளர்கிறது?

இந்த இடத்தில் 'சிகிச்சை தோற்றுவிட்டது' என்று விட்டிருக்கலாம். ஹக்கின்ஸ் வேறு மாதிரி யோசித்தார். நோய் திரும்ப வருகிறது என்றால், ஹார்மோன் வேறு எங்கிருந்தோ கிடைக்கிறது என்று சந்தேகித்தார். சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் மேல் அவருடைய பார்வை விழுந்தது. அவையும் ஆண் ஹார்மோன் வகைகளைக் கொஞ்சம் சுரக்கும்.

1945-ல் வில்லியம் ஸ்காட் என்ற டாக்டருடன் சேர்ந்து, நோய் திரும்பிய சிலருக்கு இரண்டு அட்ரினல் சுரப்பிகளையும் அகற்றிப் பார்த்தார். அந்த முயற்சி தோல்வியில் முடிந்தது. காரணம், அட்ரினல் சுரக்கும் கார்டிசால் இல்லாமல் மனிதன் உயிர் வாழ முடியாது. அதற்கு ஈடாகக் கொடுக்கத் தகுந்த மருந்து அன்றைக்கு இல்லை. நோயாளிகளைக் காப்பாற்ற முடியவில்லை.

சில ஆண்டுகளில் கார்டிசோன் மருந்தாகக் கிடைக்கத் தொடங்கியது. 1951-ல் டெல்பர்ட் பெர்ஜென்ஸ்டாலுடன் சேர்ந்து மறுபடி அதே ஆபரேஷனைச் செய்தார். இந்த முறை அட்ரினல் இல்லாமலும், கார்டிசோன் உதவியோடு நோயாளிகள் உயிர் வாழ்ந்தார்கள். முற்றிய மார்பகப் புற்றுநோய் இருந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு நல்ல பலன் கிடைத்தது. புரோஸ்டேட் புற்றுநோயில் எதிர்பார்த்த அளவுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் அவருடைய சந்தேகம் தப்பில்லை என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குப் பின்னால் வருவோம்.

எல்லாமே சரியாக இருந்ததா?

இல்லை. இவருடைய வேலை மேல் நியாயமான கேள்விகளும் எழுந்தன.

முதலாவது, ஸ்டில்பெஸ்ட்ரால். விரைகளை அகற்றத் தயங்கியவர்களுக்கு இந்த மாத்திரை வரப்பிரசாதமாகத் தெரிந்தது, உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அமெரிக்காவில் முன்னாள் ராணுவ வீரர்களுக்கான மருத்துவமனைகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 1960-களில் வந்தபோது அதிர்ச்சி காத்திருந்தது. அதிக அளவில் இந்த மருந்தை எடுத்தவர்களிடம் இதயம், ரத்தக்குழாய் நோய்களால் மரணம் கூடியிருந்தது. புற்றுநோயைக் குறைத்த மருந்தே வேறு வழியில் உயிரை எடுத்தது.

இரண்டாவது, டெஸ்டோஸ்டிரோன் ஊசி புற்றுநோயைத் தூண்டுகிறது என்ற முடிவு. 1941 ஆய்வில் அந்த ஊசி போடப்பட்டது வெறும் 3 பேருக்குத்தான். அவ்வளவு சின்ன ஆதாரத்தை வைத்துக்கொண்டு, டெஸ்டோஸ்டிரோன் அதிகமாக இருந்தாலே புற்றுநோய் வளரும் என்று மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் நம்பியது சரியா என்று பிற்கால ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். ஹார்மோனை அடக்கினால் நோய் அடங்கும் என்பது இன்றும் உறுதியாக நிற்கிறது. அதைத் திருப்பிப்போட்டு, ஹார்மோன் கூடினால் நோயும் அதே கணக்கில் கூடும் என்று சொல்வது அவ்வளவு எளிதல்ல.

25 வருடம் கழித்து வந்த நோபல்

1951-ல் சிகாகோவில் பென் மே புற்றுநோய் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அதன் இயக்குநராக ஹக்கின்ஸ் 1969 வரை இருந்தார். இயக்குநர் ஆனபிறகும் சோதனைகளைத் தன் கையாலேயே செய்யும் பழக்கத்தை அவர் விடவில்லை. எலிகளில் மார்பகப் புற்றுநோயை வேகமாக உருவாக்கி ஆராயும் முறை ஒன்றை உருவாக்கினார். பல ஆய்வுக்கூடங்கள் அதைப் பின்பற்றின.

அவர் அழைத்து வந்த எல்வுட் ஜென்சன், ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டிக்கொள்ளும் 'ரிசெப்டார்' புரதத்தைக் கண்டறிந்தார். எந்தப் பெண்ணுக்கு ஹார்மோன் சிகிச்சை பலன் தரும், யாருக்குத் தராது என்று முன்கூட்டியே சொல்ல இது வழி திறந்தது. இன்றைக்கு மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் வரும் 'ஈஆர் பாசிட்டிவ்' என்ற வரி அங்கிருந்து வந்ததுதான்.

1966-ல் மருத்துவ நோபல் பரிசு ஹக்கின்ஸுக்கும் பெய்டன் ரௌஸுக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. கோழிகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸை 1911-ல் கண்டறிந்தவர் ரௌஸ். பரிசு வாங்கும்போது அவருக்கு 87 வயது. அவரோடு ஒப்பிட்டால், 25 வருடம் காத்திருந்த 65 வயது ஹக்கின்ஸ் இளைஞர்தான்.

சரி, இன்றைக்கு என்ன நிலை?

ஹக்கின்ஸ் போட்ட இரண்டு பாதையும் இன்றும் ஓடுகிறது.

கண்டுபிடிப்பது: ஆசிட் பாஸ்படேஸின் இடத்தை பிஎஸ்ஏ பிடித்துவிட்டது. 1979-ல் பிரித்தெடுக்கப்பட்ட இந்தப் புரதத்தை அளக்கும் பரிசோதனைக்கு, நோயாளிகளைக் கண்காணிக்க 1986-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. புரோஸ்டேட்டை முழுதாக அகற்றியவருக்கு பிஎஸ்ஏ கிட்டத்தட்ட பூஜ்யத்தில் இருக்க வேண்டும். அது 0.2 நானோகிராமைத் தொட்டு, அடுத்த பரிசோதனையிலும் உறுதியானால், நோய் திரும்புவதாக எடுத்துக்கொள்வார்கள். கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்குக் கணக்கு வேறு. சிகிச்சைக்குப் பின் தொட்ட மிகக் குறைந்த அளவிலிருந்து 2 நானோகிராம் ஏறினால் அது எச்சரிக்கை.

எண் ஏறியது தெரிந்தாலும், நோய் எங்கே இருக்கிறது என்று பழைய ஸ்கேன்களில் பல நேரம் தெரியாது. இப்போது 'பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன்' வந்திருக்கிறது. புரோஸ்டேட் புற்றுநோய் செல்லின் மேல் அதிகமாக இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப் போய் ஒட்டும் கதிரியக்க மருந்தை ஏற்றி, அது எங்கே ஒளிர்கிறது என்று பார்ப்பார்கள். 2020-ல் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. அதே புரதத்தைக் குறிவைத்து, லுட்டீசியம் என்ற கதிரியக்கத் தனிமத்தை ஏற்றி செல்லை அழிக்கும் சிகிச்சைக்கு 2022-ல் அனுமதி வந்தது.

சிகிச்சை: விரைகளை அகற்றாமலே, மூளையிலிருந்து போகும் ஹார்மோன் கட்டளையை நிறுத்தும் ஊசிகள் 1980-களில் வந்தன. செலவு குறைவு, ஒரே முறையில் முடிந்துவிடும் என்பதால் இந்தியா உட்பட பல நாடுகளில் ஹக்கின்ஸ் செய்த அதே ஆபரேஷனும் இன்றும் நடக்கிறது.

இப்போது அந்த அட்ரினல் கதைக்கு வருவோம். விரைகளின் ஹார்மோனை நிறுத்திய பிறகும், அட்ரினலிலிருந்தும் புற்றுநோய் செல்லுக்கு உள்ளேயே நடக்கும் தயாரிப்பிலிருந்தும் ஆண் ஹார்மோன் கிடைத்துக்கொண்டிருக்கிறது என்பது பின்னாளில் உறுதியானது. அதை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அடைக்கும் 'அபிராட்டெரோன்' மாத்திரைக்கு அமெரிக்கா 2011-ல் அனுமதி கொடுத்தது. இதோடு கூடவே ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுப்பார்கள். ஏன்னா, அட்ரினலின் வேலை குறைந்தால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். 1945-ல் கார்டிசோன் இல்லாமல் தோற்று, 1951-ல் கார்டிசோனோடு திரும்பி வந்த ஹக்கின்ஸின் ஆபரேஷன், கத்தியே இல்லாமல் இன்று மாத்திரை வடிவில் நடக்கிறது.

கடைசிக் காலம்

தான் படித்த அகேடியா பல்கலைக்கழகத்துக்கே 1972 முதல் 1979 வரை வேந்தராக இருந்தார் ஹக்கின்ஸ். மனைவி மார்கரெட் 1983-ல் காலமானார். மகனும் அப்பாவைப்போல அறுவை சிகிச்சை நிபுணர்தான். 1997 ஜனவரி 12-ம் தேதி சிகாகோவில், தன் 95-வது வயதில் ஹக்கின்ஸ் காலமானார்.

புரோஸ்டேட் புற்றுநோயை முழுதாகக் குணப்படுத்தும் மருந்தை அவர் கண்டுபிடிக்கவில்லை. புற்றுநோய்க்கும் தீனி வேண்டும், அதை நிறுத்த முடியும், நிறுத்தியது வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க முடியும் என்று காட்டினார். அடுத்து, திரும்ப வந்த நோயிடமும் அதே கேள்வியைக் கேட்டார்: உனக்குத் தீனி எங்கிருந்து வருகிறது? இன்றைய ஆராய்ச்சியும் இதே கேள்வியைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறது.

வாசகர்கள் கவனத்துக்கு

* சிகிச்சை முடிந்த பிறகு பிஎஸ்ஏ ஏறினால் உடனே பயப்பட வேண்டாம். அலட்சியமாகவும் விட வேண்டாம். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து டாக்டர்கள் முடிவெடுக்க மாட்டார்கள். மறுபரிசோதனை செய்து, எண் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்றும் பார்ப்பார்கள்.

* பழைய ரிப்போர்ட்களைத் தேதிவாரியாகப் பத்திரமாக வைத்திருங்கள். ஒரு எண்ணைவிட, எண்களின் வரிசைதான் அதிகம் சொல்லும்.

* ஹார்மோன் சிகிச்சையால் உடல் சூடு, சோர்வு, எலும்பு பலவீனம், தாம்பத்திய ஆர்வம் குறைவது போன்ற பக்கவிளைவுகள் வரலாம். இதை டாக்டரிடம் பேசக் கூச்சப்பட வேண்டாம். இதய நோய், சர்க்கரை நோய் இருந்தால் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

* அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ புரோஸ்டேட் புற்றுநோய் இருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு கூடுதல். எந்த வயதில் பரிசோதனை தொடங்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

(இந்தக் கட்டுரை பொதுத் தகவலுக்காக மட்டுமே. சிகிச்சை குறித்த முடிவுகளை உங்கள் மருத்துவரிடம் ஆலோசித்து எடுக்கவும்.)